இரண்டு கப்பல்கள், ஒரே கரை: கனடாவின் குடிவரவுக் கதவை மாற்றிய ஒரு சொல்

1914 மே 23 அன்று கோமகாட்டா மாரு என்ற ஜப்பானிய நீராவிக் கப்பல் வன்கூவர் துறைமுகத்துக்கு வந்து நங்கூரம் போட்டது. அதில் 376 பேர். பெரும்பாலானோர் பஞ்சாபிச் சீக்கியர்கள். 24 முஸ்லிம்களும் 12 இந்துக்களும் இருந்தார்கள். கனடாவை ஆண்ட அதே பிரித்தானிய முடியின் பிரஜைகள்தான் அவர்கள் எல்லோரும். இரண்டு மாதம் கரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் தவித்துக்கொண்டு கப்பலிலேயே கிடந்தார்கள். முன்பே கனடாவில் குடியிருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் உட்படச் சிலரை மட்டும் இறங்க விட்டார்கள். ஜூலை 23 அன்று கடற்படைக் கப்பலொன்று காவலுக்கு வர, மீதி 352 பேரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

2010 ஓகஸ்ட் 13 அன்று எம்.வி. சன் சீ என்ற கப்பலை அதே பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் உள்ள எஸ்குயிமால்ட் கடற்படைத் தளத்துக்குக் கொண்டு வந்து கட்டினார்கள். தாய்லாந்துப் பக்கமிருந்து புறப்பட்ட அதில் 492 ஈழத்தமிழர்கள் இருந்தார்கள். அவர்களில் 63 பேர் பெண்கள், 49 பேர் பிள்ளைகள். வழியில் ஒருவர் இறந்து போயிருந்தார். முள்ளிவாய்க்கால் முடிந்து பதினைந்து மாதம்கூட ஆகவில்லை.

இரண்டு கப்பல்களுக்கும் இடையில் 96 ஆண்டுகள். கரையில் எழுந்த கூச்சல் பெரிதாக மாறிவிடவில்லை. திருப்பி அனுப்பு என்ற குரல் 2010இலும் உரக்கவே கேட்டது, அதைக் கேட்டு நடுங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் கப்பல் திருப்பப்படவில்லை. வந்தவர்கள் மாதக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டார்கள், பிறகு ஒவ்வொருவராக ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்த்தி விசாரிக்கப்பட்டார்கள். 1914இல் வந்தவர்களுக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை. கனடா காலப்போக்கில் இரக்கமுள்ள நாடாக மாறியது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பல ஆண்டுகள் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் என்ற முறையில் நான் அந்தக் கதையை அப்படியே ஏற்கமாட்டேன். நாட்டின் மனம் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அந்த நாற்காலியைப் போட்டது சட்டத்தில் இருந்த ஒரு சொல்.

பெயர் சொல்லாமல் பூட்டிய கதவு

கனடாவின் பழைய குடிவரவுச் சட்டங்களை வாசிக்கும்போது என்னை அசர வைப்பது அவற்றின் சாமர்த்தியம். சீனருக்கு மட்டும் வெளிப்படையாக எழுதினார்கள். கனேடிய பசிபிக் ரயில் பாதையின் மேற்குப் பகுதியில் மலையை வெடி வைத்துத் தகர்க்க ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களைக் கொண்டு வந்தார்கள். பாதை 1885இல் முடிந்தது. அதே ஆண்டு சீனருக்குத் தலைவரி வந்தது, ஆளுக்கு 50 டொலர். 1900இல் அது 100 ஆனது, 1903இல் 500 ஆனது. அந்தக் காலத்துச் சீனத் தொழிலாளி ஒருவரின் ஏறத்தாழ இரண்டு வருடச் சம்பளம் அது. ஒருவருக்குக் கட்டவே உயிர் போனால், மனைவிக்கும் பிள்ளைக்கும் யார் கட்டுவது? ஆண்கள் தனியே வந்து தனியே முதுமையடைந்த சீனத் தெருக்கள் இப்படித்தான் உருவாகின. 1923 ஜூலை 1இல், இன்று கனடா தினமாகக் கொண்டாடும் அதே நாளில், வரியையும் எடுத்துவிட்டுக் கதவை முழுதாக அடைத்தார்கள். 1947 வரை, 24 ஆண்டுகளில், உள்ளே வந்த சீனர்கள் ஐம்பது பேர்கூட இல்லை.

இந்தியர்களிடம் அப்படி வெளிப்படையாக நடக்க முடியவில்லை. அவர்களும் பேரரசின் பிரஜைகள், இந்தியாவிலும் இலண்டனிலும் சங்கடம் வரும். ஆகவே 1908இல் ஒரு விதி வந்தது: சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நிற்காமல், புறப்படும்போதே வாங்கிய ஒரே பயணச்சீட்டில் வருகிறவர்களுக்கு மட்டும் அனுமதி. இந்தியா என்ற பெயரே அந்த விதியில் இல்லை. கல்கத்தாவிலிருந்து வன்கூவருக்கு நேரடியாக ஓடிய ஒரே சேவையையும் நிறுத்த வைத்தார்கள். அதற்கு மேல், ஆசியர் என்றால் கையில் 200 டொலர் காட்ட வேண்டும். குர்தித் சிங் வாடகைக்கு எடுத்த கோமகாட்டா மாரு 1914 ஏப்ரல் 4 அன்று ஹொங்கொங்கிலிருந்து புறப்பட்டபோது மோதப் போனது இந்த விதியோடுதான். பயணிகளில் ஒருவரான முன்ஷி சிங்கின் பெயரில் வழக்குப் போட்டார்கள். மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. திரும்பிய கப்பல் கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜை அடைந்தபோது பொலிஸ் சுட்டதில் பயணிகளில் ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள்.

ஆட்கள் வேண்டாம் என்று கனடா சொன்ன காலமும் அல்ல அது. 1896இலிருந்து 1905 வரை உள்நாட்டு அமைச்சராக இருந்த கிளிஃபர்ட் சிஃப்டன், புல்வெளி மாகாணங்களுக்குக் குடியானவர்களைத் தேடிக் கிழக்கு ஐரோப்பா வரைக்கும் விளம்பரம் செய்தவர். வந்தவர்களுக்கு 160 ஏக்கர் காணி கொடுத்தார்கள், பதிவுக் கட்டணம் 10 டொலர். பூர்வகுடி மக்களை ஒப்பந்தங்களால் ஒதுக்குப்புறக் காணிகளுக்குள் தள்ளிவிட்டு எடுத்த நிலம் அது. ஈழத்தில் காணி பறிபோன கதையைச் சொல்லிக்கொண்டு இங்கே வந்து வீடு வாங்கிய நாங்கள் அதைக் கடந்து போய்விடக் கூடாது என்பது என் எண்ணம். 1913இல் மட்டும் நாலு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்திறங்கினார்கள். ஒரு நூற்றாண்டுக்கு அந்த எண்ணிக்கையை எந்த ஆண்டும் தாண்டவில்லை.

1962இல் எலன் ஃபேர்க்ளஃப் அமைச்சராக இருந்தபோதுதான் இனத்தை வைத்து ஆள் எடுக்கும் முறை விதிகளிலிருந்து பெரும்பாலும் நீங்கியது. 1967இல் புள்ளி முறை வந்தது. படிப்பு, மொழி, வயது, தொழிலுக்கு உள்ள தேவை என்று நூற்றுக்குப் புள்ளி போட்டு, ஐம்பது எடுத்தால் வரலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆள் தேவைப்பட்டது, ஐரோப்பா செழித்துவிட்டதால் அங்கிருந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். காரணம் இவ்வளவு எளிமையானதுதான். விளைவு பெரிது. நகரங்களின் முகமே மாறியது. 2021 குடிசனக் கணக்கெடுப்பில் 83 இலட்சம் பேர், அதாவது நாட்டில் 23 வீதம், குடிவரவாளர்கள். பெருநகர ரொறன்ரோவில் ஏறத்தாழ பாதிப் பேர்.

புள்ளி முறையில் வந்த பொறியியலாளர் ஏன் டாக்சி ஓட்டினார் என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். படிப்புக்குப் புள்ளி கொடுத்தது மத்திய அரசு, அந்தப் படிப்பை ஏற்கவா வேண்டாமா என்று தீர்மானித்தது மாகாணத் தொழில்முறைச் சங்கங்கள். “கனேடிய அனுபவம்” இல்லை என்று சொல்லியே ஒரு தலைமுறையை வாசலில் நிறுத்தினார்கள். ஒன்ராறியோவில் பொறியியலாளர் உரிமத்துக்கு அந்த நிபந்தனை நீக்கப்பட்டது 2023இல்தான்.

“ஒவ்வொருவரும்”

1976 குடிவரவுச் சட்டம் அகதி என்ற வகையைச் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. ஆனால் கோரிக்கை எப்படித் தீர்க்கப்பட்டது தெரியுமா? மூத்த குடிவரவு அதிகாரி ஒருவர் சத்தியம் வாங்கிக் கேள்வி கேட்பார். அதைத் தட்டச்சு செய்து ஒட்டாவாவில் உள்ள ஆலோசனைக் குழுவுக்கு அனுப்புவார்கள். தீர்மானிக்கிறவர் கோரிக்கையாளரின் முகத்தைப் பார்ப்பதில்லை. நிராகரித்தால் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம், அங்கும் முதலில் பேசுவது காகிதம்தான். அரசு தன் பக்கத்தில் எதை வைத்து நிராகரித்தது என்றுகூடக் கோரிக்கையாளருக்குத் தெரியாமல் போகலாம்.

ஹர்பஜன் சிங் உட்பட ஆறு சீக்கியர்களும் கயானாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளிப் பெண் ஒருவரும் இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்கள். தீர்ப்பு வந்தது 1985 ஏப்ரல் 4. கோமகாட்டா மாரு புறப்பட்ட அதே திகதி. தற்செயல்தான், ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் அந்த நாள் வரும்போது எனக்கு இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

1982 உரிமைகள் சாசனத்தின் பிரிவுகளைக் கவனித்துப் பாருங்கள். வாக்குரிமை பற்றிய பிரிவு “குடிமக்கள் ஒவ்வொருவரும்” என்கிறது. நாட்டுக்குள் வந்து போகும் உரிமையும் அப்படித்தான். உயிர், சுதந்திரம், உடற்பாதுகாப்பு பற்றிய 7ஆம் பிரிவோ வெறுமனே “ஒவ்வொருவரும்” என்று தொடங்குகிறது. நீதியரசர் பேர்தா வில்சன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். கனடாவின் மண்ணில் நின்று, கனடாவின் சட்டத்துக்குக் கட்டுப்படும் எந்த மனிதரும் அதற்குள் அடங்குவார் என்றார். ஒருவர் சொல்வதை நம்பலாமா கூடாதா என்பதுதான் கேள்வியென்றால், அவரை நேரில் கேட்காமல் தீர்ப்பது நீதி ஆகாது. ஒவ்வொருவரையும் விசாரிக்கப் பணமும் நேரமும் போதாது என்ற அரசின் வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. வழக்கைக் கேட்ட ஆறு நீதிபதிகளில் மூவர் சாசனத்தையும் மூவர் பழைய 1960 உரிமைச் சட்டத்தையும் காரணம் காட்டினார்கள், முடிவு ஒன்றே. வில்சன் 1949இல் ஸ்கொட்லாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர். கனடாவின் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதற்பெண்ணும் அவர்தான்.

இந்தத் தீர்ப்பின் விளைவாக 1989 ஜனவரி 1இல், அகதிக் கோரிக்கைகளை நேரில் விசாரிக்கும் குடிவரவு அகதிகள் சபை இயங்கத் தொடங்கியது. எங்கள் ஆட்கள் அகதிக் கோரிக்கையைக் “கேஸ்” என்று சொல்கிறார்களே, அந்தக் கேஸ் பிறந்த இடம் இதுதான்.

நேரில் கேட்பதால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விசாரணையைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயதுப் பெண், வன்னியிலிருந்து வந்தவர். படிவத்தில் சகோதரர்கள் என்ற இடத்தில் ஒரு தம்பியின் பெயர் மட்டும் இருந்தது. வாய்மொழியில், “அண்ணாவை வீட்டுக்கு வந்து பிடிச்சுக்கொண்டு போனவங்கள்” என்றார். நான் அண்ணன் என்றே மொழிபெயர்த்தேன், மொழிபெயர்ப்பாளர் வேறென்ன செய்ய முடியும்? தீர்ப்பாளர் படிவத்தைப் புரட்டினார். அண்ணன் இருப்பதாக நீங்கள் எழுதவில்லையே என்றார். அறை அமைதியானது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். “ஓம் தம்பி, அது பெரியப்பான்ர மூத்த மகன். நாங்கள் ஒரு வளவுக்குள்ளதானே வளர்ந்தனாங்கள். அண்ணா எண்டுதான் கூப்பிடுறது.” அதை மொழிபெயர்த்துவிட்டு, தமிழில் அந்த முறைச்சொல் எப்படிப் புழங்குகிறது என்று விளக்க அனுமதி கேட்டேன். கிடைத்தது. இரண்டு நிமிடம். பெரியப்பாவின் மகன் அண்ணன், பெரியம்மாவின் மகனும் அண்ணன், மாமாவின் மகன் மட்டும் மச்சான். தீர்ப்பாளர் குறித்துக்கொண்டார், விசாரணை தொடர்ந்தது.

1985க்கு முன் என்றால் அந்தப் பதிவும் படிவமும் ஒட்டாவாவில் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கும். ஒன்றில் அண்ணன் இருக்கிறார், மற்றதில் இல்லை. பொய் சொல்கிறார் என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள். “எங்கட அண்ணா” என்று சொல்ல ஒருவருக்கு வாய் இருந்திருக்காது.

படகு, பேஸ்மன்ட், வரி

1983 கறுப்பு ஜூலைக்குப் பிறகு கனடாவில் உறவினர் உள்ள இலங்கையருக்குச் சிறப்பு ஏற்பாடு ஒன்றை அரசு செய்தது. ஆனால் எங்கள் வருகையை நாடு முழுக்க அறிந்தது 1986 ஓகஸ்ட் 11 அன்று. நியூபவுண்ட்லாந்தின் தென்முனையில், சென்ற் ஷொட்ஸ் அருகே, மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்த இரண்டு உயிர்காப்புப் படகுகளை மீனவர்கள் கண்டார்கள். உள்ளே 155 தமிழர்கள். அவர்களை முதலில் கண்டு தன் படகில் ஏற்றியவர் கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள், மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்தது பிறகு தெரிந்தது. பொய் சொன்னார்கள் என்று வானொலியில் ஒரே கொதிப்பு. காசு வாங்கி ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொல்லிக் கொடுத்ததை, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் ஒப்பித்தார்கள். அதற்காக அவர்களைப் பழிக்க என்னால் முடியாது. பிரதமர் பிரையன் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார், தங்கியிருக்க அனுமதிப் பத்திரம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு 174 சீக்கியர்கள் நோவா ஸ்கோஷியாக் கரையில் இறங்கியபோது அதே அரசு, கோடை விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தை அவசரமாகக் கூட்டித் தடுப்புச் சட்டம் கொண்டு வந்தது. ஒரே பிரதமர், இடையில் ஓராண்டு. மனம் ஏறி இறங்கியது என்று முதலில் சொன்னது இதைத்தான்.

வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. பேஸ்மன்ட் வாடகை, உணவகத்தில் கோப்பை கழுவல், தொழிற்சாலையில் இரவு வேலை, ஏஜென்சிக் கடன், சீட்டு, பிறகு தம்பியை ஸ்பொன்சர் பண்ணுவது. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் கடைத்தெருக்கள் அந்தப் பணத்தில் எழுந்தவை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இன்று கனடாவில் இருக்கிறார்கள்.

பலருக்கு மறந்துபோன ஒன்றையும் எழுதி வைக்க வேண்டும். 1995இல் நிரந்தர வதிவிடம் பெறும் ஒவ்வொரு பெரியவரும் 975 டொலர் கட்ட வேண்டும் என்று அரசு விதித்தது. ஏற்கப்பட்ட அகதிகளுக்கும் அதே தொகை. மனைவியையும் கூட்டி எடுக்க வேண்டுமானால் இரட்டிப்பு. இது புதிய தலைவரி என்று சீனக் கனேடியர் உட்படப் பலரும் எதிர்த்தார்கள். கேஸ் வென்ற பிறகும் அந்தக் காசு சேர்வதற்காகக் காத்திருந்து, பிள்ளையின் முதற்பல் விழுந்ததைத் தொலைபேசியில் கேட்ட அப்பாக்களை எனக்குத் தெரியும். 2000இல் அகதிகளுக்கு அது நீக்கப்பட்டது. 1903க்கும் 1995க்கும் தொகைகள் வேறு, சட்டங்கள் வேறு. குடும்பத்தைப் பிரித்து வைத்த விதம் மட்டும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது.

இரண்டாவது கப்பல்

சன் சீ வந்தபோது அரசு சொன்னது: ஆட்கடத்தல், பயங்கரவாதம். ஆண்களை மேப்பிள் ரிட்ஜ் சிறையிலும் பிள்ளைகளையும் அவர்களின் தாய்மாரையும் பேர்னபியிலும் வைத்தார்கள். கப்பலில் வேலை செய்தவர்களெல்லாம் கடத்தல்காரர்கள் என்று ஒரு வாதம் வந்தது. யார் அந்த வேலை செய்தவர்கள்? மாலுமிகள் பாதியில் விட்டுப் போன கப்பலில் இயந்திர அறையின் எண்ணெயையும் நீரையும் பார்த்துக்கொண்டவர், கண்காணிப்பு மேடையில் நின்றவர், சமைத்தவர். அவர்களில் ஒருவர் நீதிமன்ற ஆவணங்களில் பி010 என்ற குறியீட்டோடு நிற்கிறார். 2015 நவம்பர் 27இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தப்பி ஓடும்போது ஒருவருக்கொருவர் செய்த உதவி கடத்தல் ஆகாது, ஆதாயத்துக்காக ஒழுங்கமைத்துக் கொண்டு வருவதே கடத்தல். கப்பலில் வந்தவர்களில் பலர் ஏற்கப்பட்டார்கள், பலர் நிராகரிக்கப்பட்டார்கள், சிலர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நியாயமான முடிவுகள் என்று எல்லாவற்றையும் நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொருவரும் கேட்கப்பட்டார்கள்.

தீர்ப்புக்கு முன்பே, 2012இல், சட்டம் மாறிவிட்டது. கூட்டமாக வருகிறவர்களை அமைச்சர் தனிப் பிரிவாக அறிவிக்கலாம். அப்படி அறிவிக்கப்பட்டவர்களில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தடுப்புக்காவல் கட்டாயம். அகதியாக ஏற்கப்பட்டாலும் ஐந்து ஆண்டுகளுக்கு நிரந்தர வதிவிடம் கேட்க முடியாது. அதனால் அந்த ஐந்து ஆண்டும் குடும்பத்தைக் கூப்பிட முடியாது.

கடந்த சில ஆண்டுகளின் கோபத்துக்குக் காரணம் வேறு. 2023இல் கனடாவின் சனத்தொகை 3.2 வீதம் கூடியது, 1957க்குப் பிறகு இவ்வளவு வேகம் இல்லை. அதில் பெரும்பங்கு தற்காலிக அனுமதியில் வந்தவர்கள். அந்த ஆண்டு முடிவில் படிப்பு அனுமதி வைத்திருந்தோர் மட்டும் பத்து இலட்சத்தைத் தாண்டினார்கள். உள்ளூர் மாணவரைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டும் பிள்ளைகளை நம்பிக் கல்லூரிகள் வளர்ந்தன, குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைத்ததில் முதலாளிகள் மகிழ்ந்தார்கள், வீடு கட்டுவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஒரு பேஸ்மன்ட்டில் எட்டுப் பேர் என்று நாங்கள் எண்பதுகளில் இருந்த இருப்பைப் பஞ்சாபிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் மூன்று மடங்கு வாடகை கொடுத்து இருந்தார்கள். வாடகை உயர்ந்ததற்கு அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லும் தமிழர்களையும் கடைகளில் கேட்கிறேன், மனம் நோகிறது. 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு வரம்பு வந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில், 2025க்கு ஐந்து இலட்சம் என்று வைத்திருந்த நிரந்தரக் குடிவரவு இலக்கை 395,000 ஆகக் குறைத்தார்கள்.

அடுத்தது 2025 ஜூன் 3. சி-2 என்ற எல்லைப் பாதுகாப்பு மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்வைத்தவர் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஹரி ஆனந்தசங்கரி. 1983இல் தாயோடு கனடா வந்த ஈழத்தமிழர். சன் சீயில் வந்தவர்களைத் தடுத்து வைத்த எல்லைச் சேவைகள் முகவரகம் பொதுப் பாதுகாப்பு அமைச்சின் கீழ்தான் வருகிறது. எங்கள் பிள்ளை ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது எனக்குப் பெருமைதான், அதை மறைக்க விரும்பவில்லை. அந்த மசோதாவில் ஒரு பிரிவு உண்டு. 2020 ஜூன் 24க்குப் பிறகு கனடாவுக்குள் வந்தவர், வந்து ஓராண்டு கழித்து அகதிக் கோரிக்கை வைத்தால், அது குடிவரவு அகதிகள் சபைக்குப் போகாது. நாடு கடத்துமுன் செய்யும் ஆபத்து மதிப்பீடு ஒன்று மட்டும் அவருக்கு உண்டு. ஒக்ரோபரில் அந்தப் பிரிவைச் சி-12 என்ற புது மசோதாவுக்கு மாற்றினார்கள்.

ஆபத்து மதிப்பீடு எப்படி நடக்கிறது என்பதை நான் அறிவேன். அதிகாரி ஒருவர் கோப்பை வாசிக்கிறார். நேரில் கூப்பிட்டுக் கேட்க இடமுண்டு, ஆனால் பெரும்பாலானவை காகிதத்திலேயே முடிகின்றன. படிக்க வந்த ஒரு பிள்ளை, இரண்டாம் ஆண்டில் ஊரில் நிலைமை கெட்டு, திரும்பிப் போக முடியாது என்று விண்ணப்பம் எழுதுகிறாள் என்று வையுங்கள். அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று எழுதுகிறாள். பழைய படிவத்தில் அண்ணன் இல்லை. இரண்டு காகிதங்களும் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.